போர் ஒரு வளரும் நாட்டை என்ன செய்கிறது? வடக்கு இலங்கையை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏன் வடக்கு இலங்கையை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள்?

எனக்குத் தெரிந்த இடம் அதுதான், அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2009 வரை போர் நடந்த இடம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் பிறந்து, 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்து போனவள் நான். உலகத்தில் எத்தனையோ போர்கள் நடந்திருக்கின்றன, நடந்துகொண்டும் இருக்கின்றன. எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் போவதைவிட, ஒரு இடத்தில் எது எப்படி நின்றது, எது திரும்பி வந்தது, எது வரவே இல்லை என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். தேவையான இடத்தில் மற்ற நாடுகளையும் சொல்கிறேன்.

போரால் வரும் நட்டத்தை அளக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். உலக வங்கி 2011ல் வெளியிட்ட உலக வளர்ச்சி அறிக்கை முழுக்க இதைப் பற்றியதுதான். நடுத்தர அளவுள்ள ஒரு வளரும் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தால், சராசரியாக 30 வருடத்துக்கும் மேலான வளர்ச்சி போய்விடுகிறது என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். வன்முறை திரும்பத் திரும்ப வந்த நாடுகளில் வறுமை மற்ற நாடுகளைவிட 20 விழுக்காட்டுப் புள்ளிகள் அதிகம் என்றும் சொன்னார்கள்.

30 வருடம் என்பது ஒரு தலைமுறை. பத்து வயதில் ஓடத் தொடங்கிய பிள்ளைக்கு, எல்லாம் பழைய இடத்துக்கு வரும்போது நாற்பது வயதாகிவிடும். அந்த நாற்பது வயதில் வங்கியில் போய்க் கடன் கேட்டால் "இதுவரை என்ன தொழில் செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். இது எந்த அறிக்கையிலும் வராத கணக்கு.

போருக்கு முன்னால் வடக்கில் இழப்பதற்கு அப்படி என்ன இருந்தது?

நிறைய இருந்தது. இன்றைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்கள் கோயிலையும் கடலையும் பார்த்துவிட்டு, இது எப்போதும் இப்படியே இருந்த ஊர் என்று நினைத்துவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காங்கேசன்துறையில் 1950ல் இருந்து சீமெந்துத் தொழிற்சாலை ஓடியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்தான் மூலப்பொருள். அங்கே வேலை செய்தவர்களை நம்பி ஊரிலே கடைகள், லொறிகள், சாப்பாட்டுக் கடைகள் என்று ஒரு உலகமே இருந்தது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் அங்கே செய்தார்கள். ஆனையிறவில் உப்பளம். இதிலே ஒரு பிணைப்பும் இருந்தது: உப்பிலிருந்துதான் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் வரும், அதாவது பக்கத்துப் பக்கத்தில் ஒரு தொழிலுக்கு இன்னொரு தொழில் கைகொடுக்கிற மாதிரியான அமைப்பு ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

விவசாயத்தைப் பார்த்தால், 1970களில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. அந்தக் காசில் கட்டிய கல்வீடுகளை வலிகாமத்தில் இன்றைக்கும் அடையாளம் காட்டலாம். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த விலை போனது, அது போருக்கு முந்திய அடி, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் விளைச்சல் இருந்தது, மீன் இருந்தது, 1956ல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில் இருந்தது. பொருளை ஏற்றினால் அன்றே கொழும்புக்குப் போய்ச் சேரும்.

இதெல்லாம் எப்போது நின்றது என்று பார்த்தால் ஒரே வருடம்தான் திரும்பத் திரும்ப வரும்: 1990. சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, உப்பளம் நின்றது, ரயில் நின்றது, மின்சாரமும் நின்றது. பரந்தன் அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது. அப்புறம் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் கழற்றிப் பதுங்குகுழிக்குக் கூரை போட்டார்கள். யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வந்தது 2014 ஒக்டோபரில். இருபத்துநான்கு வருடம்!

குண்டு விழாத நாட்களும் இருந்திருக்குமே, அப்போதாவது தொழில் செய்திருக்கலாமே?

குண்டு விழாத நாட்கள்தான் அதிகம். தொழிலைக் கொன்றது அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம், சவர்க்காரம், மெழுகுதிரி என்று நீண்ட பட்டியல், எதையும் தாராளமாகக் கொண்டுவர முடியாது. மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கும், விலையோ கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் படித்தது ஜாம்போத்தல் விளக்கில். போத்தலுக்குள்ளே பஞ்சை அடைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வு ஒன்றுக்குள்ளால் நூல்திரியை இழுத்து, கம்பியால் வாயிலே தொங்கவிட்டுக் கொளுத்துவோம். பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும், கொஞ்சம் எண்ணெயில் இரண்டு மூன்று மணிநேரம் எரியும். சுடர் நகத்தளவுதான். நாங்கள் மூன்று பேர், ஒரு விளக்கு, சுற்றிப் படுத்துக்கொண்டு கணக்குச் செய்வோம், எழுதுகிறவளின் கை நிழல் மற்றவளின் கொப்பியில் விழும், அதற்கே சண்டை வரும். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார்கள், கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விடுவார்கள். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோ பாடும். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம்.

இதைச் சொன்னால் "எவ்வளவு கெட்டிக்காரர்கள்!" என்பார்கள். கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு ஊரிலுள்ள மெக்கானிக், ஆசிரியர், விவசாயி எல்லாருடைய மூளையும் பத்து வருடமாக அடுத்த ஊர்க்காரன் சுவிட்சைத் தட்டிப் பெறுகிற ஒன்றைப் பெறுவதற்கே செலவாகிப்போனது. தண்ணீர் இறைக்கிற மெஷினுக்கு எண்ணெய் இல்லையென்றால் வெங்காயத்தைத் துலாவால் இறைத்துக் காப்பாற்ற வேண்டும், அதனால் பத்துப் பரப்பு நிலத்தில் பயிர் செய்தவர் இரண்டு பரப்போடு நின்றார். விளைந்ததை விற்கவும் பாதை இல்லை. ஆனையிறவும் பூநகரியும் மூடப்பட்ட பிறகு தெற்கே போக ஒரே வழி கிளாலிக் கடனீரேரி, அதுவும் இரவில் படகில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. போனவர்களில் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் போர்க்காலத்திலும் இலங்கையின் பொருளாதாரம் வளர்ந்ததாகப் புள்ளிவிவரம் சொல்கிறதே?

உண்மைதான். போர் நடந்த வருடங்களிலும் நாடு சராசரியாக 4, 5 விழுக்காடு வளர்ந்துகொண்டுதான் இருந்தது. தைத்த உடுப்பு ஏற்றுமதி, தேயிலை, வெளிநாட்டு வேலை எல்லாம் தெற்கிலும் மேற்கிலும் மலையகத்திலும் இருந்தவை, போர் பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு முதல்முறையாக நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது 2001ல். அந்த வருடம் ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது, கூடவே வரட்சி, மின்வெட்டு, உலகச் சந்தை மந்தம் எல்லாம் சேர்ந்துகொண்டன.

ஆக, நாட்டுச் சராசரி என்பது இந்த விஷயத்தில் ஏமாற்றும். ஒரு வீட்டில் ஒருவர் இரண்டு வேளைச் சாப்பாட்டைச் சாப்பிட்டு இன்னொருவர் பட்டினி கிடந்தால், சராசரியில் இரண்டு பேரும் சாப்பிட்டவர்கள்தானே. எந்த நாட்டின் போரைப் பற்றிப் படித்தாலும் மாவட்ட வாரியான கணக்கைத் தேடிப் பாருங்கள். இலங்கையின் மொத்த உற்பத்தியில் வடமாகாணத்தின் பங்கு போர் முடிந்த பிறகும் சுமார் 4 விழுக்காடுதான்.

படிப்பு என்ன ஆனது? யாழ்ப்பாணத்தார் எப்படியும் படித்துவிடுவார்கள் என்கிறார்களே?

படித்தார்கள். இலங்கையில் 1940களிலிருந்தே இலவசக் கல்வி, அந்த அடித்தளம் பெரிய காப்பு. யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொழும்பிலிருந்துதான் போனது, சாதாரணதரம், உயர்தரம் என்ற பள்ளிக்கூடப் பொதுப் பரீட்சைகளின் தாள்களும் அங்கிருந்துதான் வந்தன. சண்டைபிடிக்கிற இரண்டு தரப்பும் பரீட்சைத்தாளை மட்டும் போகவிட்ட நாடு, இதை நான் இன்றைக்கும் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஆனால் வன்னியில் கடைசி வருடங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவே பயந்தார்கள். ஷெல் ஒரு பயம், பிள்ளையைப் பிடித்துப் புலிகள் தங்கள் இயக்கத்தில் சேர்த்துவிடுவார்கள் என்பது இன்னொரு பயம். அந்த வயதுக்காரரில் பலர் எட்டாம், ஒன்பதாம் வகுப்போடு நின்றவர்கள், இன்றைக்குக் கூலிவேலைதான் செய்கிறார்கள்.

படித்தவர்கள்? போய்விட்டார்கள். 1981 குடிசனக் கணக்கெடுப்பில் இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் சுமார் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர். 2012ல் 5 லட்சத்து 83 ஆயிரம். இதே காலத்தில் நாட்டின் சனத்தொகை ஒன்றரைக் கோடியிலிருந்து 2 கோடியைத் தாண்டியது. யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 1989ல் 11 நாடாளுமன்ற இடங்கள் இருந்தன, 2024ல் 6. ஊரில் ஆள் குறைந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் குறைகிறார், ஆஸ்பத்திரிக்கு டொக்டர் குறைகிறார், பாராளுமன்றத்தில் கேட்கிற குரலும் குறைகிறது. டொரோண்டோவிலும் லண்டனிலும் நன்றாக இருக்கிறார்கள் என்பது சந்தோஷம். கரவெட்டியிலோ கிளிநொச்சியிலோ ஒரு நல்ல இயந்திரப் பொறியியலாளரைத் தேடினால் கிடைப்பது அரிது என்பதும் அதே கதையின் மறுபக்கம்.

ஒரு தரப்பின் மேல் மட்டும் பழி போடுகிறீர்களா?

இல்லை. 1983 ஜூலையில் தெற்கில் தமிழர்களின் கடைகளும் தொழிற்சாலைகளும் எரிக்கப்பட்டன, அதற்கு முன் 1981ல் சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. அதைச் சொல்கிற அதே வாயால் 1990 ஒக்டோபரையும் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும், சுமார் 75,000 பேர், புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் நகரத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு மணிநேரம் அவகாசம். கையில் சில நூறு ரூபாய், வேறொன்றும் இல்லை.

மனிதர்களுக்குச் செய்த அநியாயம் என்பது முதல் விஷயம். அதோடு யாழ்ப்பாணத்தின் இரும்புக்கடை, தையல், லொறி, இறைச்சி, நகை வியாபாரம் என்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த தொழில்களும் ஒரே நாளில் புத்தளத்து அகதி முகாம்களுக்குப் போய்விட்டன. பலர் இன்றைக்கும் அங்கேதான். எங்கள் தெருவில் தைத்துக்கொடுத்த நானா திரும்பி வரவில்லை.

போர் நடக்கும்போது முன்னேற்றமே நடக்காதா?

நடந்தது, நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது: மலேரியா. 1999ல் இலங்கையில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா வந்தது, போர் நடந்த மாவட்டங்களில்தான் மிக மோசம். சுகாதாரத் துறையினர் இரண்டு பக்கத்தோடும் பேசி, புலிகளின் பகுதிக்குள்ளும் மருந்தையும் நுளம்பு வலையையும் கொண்டுபோனார்கள், இரத்தப் பரிசோதனையை விடாமல் நடத்தினார்கள். போர் உச்சத்தில் இருந்த வருடங்களிலேயே நோய் மடமடவென்று குறைந்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012ல், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று கொடுத்தது.

பிள்ளைகளுக்குப் போலியோ மருந்து கொடுப்பதற்காகச் சண்டையை நிறுத்திய நாட்களும் உண்டு. மனம் வைத்தால் முடியும் என்பது தெரிந்ததுதான், அதனால்தான் மற்ற விஷயங்களில் முடியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

மிதிவெடி இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் இடத்தில் முகமாலை, முன்னரங்கு வருடக்கணக்காக அங்கே நின்றதால் மிக நெருக்கமாகப் புதைத்த இடம். 2002 போர்நிறுத்தத்திலிருந்து ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகளும் இராணுவமும் எடுத்துவருகின்றன. வேலை செய்பவர்களில் நிறையப் பேர் பெண்கள், பலர் கணவரைப் போரில் இழந்தவர்கள். வெயிலில் முகமூடியும் கவசமும் போட்டு, முழந்தாளில் இருந்து, சிறு கருவியால் மண்ணை விரல் விரலாகச் சுரண்டுவார்கள். ஒரு நாளில் ஒருவர் துப்புரவாக்குகிற இடம் ஒரு அறையளவுகூட வராது. புதைக்கிறவனுக்கு ஒரு நிமிட வேலை. மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்தது 2017ல்தான். அந்த நிலமெல்லாம் தென்னையும் நெல்லும் விளைந்த நிலம்.

2009ல் போர் முடிந்துவிட்டது, ரோட்டும் ரயிலும் வந்துவிட்டன. இன்னும் ஏன் பின்தங்கியிருக்கிறது?

ரோட்டைப் போடுவது எல்லாவற்றிலும் எளிது. கடன் கொடுக்க நாடு இருந்தால் மூன்று வருடத்தில் தெற்கையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கிற ஏ9 வீதி கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஆகியும்விட்டது. அந்த ரோட்டால் முதலில் வந்தது என்ன தெரியுமா? தெற்கிலிருந்து பிஸ்கட், ஐஸ்கிரீம், குத்தகைக்கு மோட்டார் சைக்கிள், கடன் கொடுக்கிற கம்பனிகள். போவதற்கு வடக்கிடம் பொருள் இல்லை, தொழிற்சாலை இல்லையே.

நுண்கடன் கதை தனியாக எழுத வேண்டியது. போரில் கணவரை இழந்த, அல்லது கணவர் காணாமல் போன பெண்களின் வீட்டுக்கே வந்து கடன் கொடுத்தார்கள். கோழி வளர்க்க, கடை போட என்று வாங்கியது, சந்தை இல்லாத இடத்தில் கோழி வளர்த்து என்ன செய்வது, வட்டி ஏறியது, வாராவாரம் வசூலுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தார்கள், ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தார்கள். தற்கொலைகள் நடந்தன. 2018ல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் அளவுக்குப் போனது.

அடுத்தது காணி. வலிகாமம் வடக்கில் ஆயிரக்கணக்கான ஏக்கர் 1990லிருந்து இராணுவம் பிடித்துவைத்த உயர் பாதுகாப்பு வலயம். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவருகிறார்கள், முழுதும் இன்னும் விடவில்லை. என் பெரியப்பாவின் காணி விடுபட்ட அன்று நானும் போயிருந்தேன். வேலி இல்லை, மதில் இல்லை, வீட்டின் அத்திவாரம்கூட மண்ணுக்கு மேல் தெரியவில்லை, எங்கும் ஈச்சம்பற்றையும் நாயுருவியும்தான். பெரியப்பா கொஞ்சநேரம் நின்றுவிட்டு, "கிணத்தைத் தேடுங்கோ பிள்ளையள்" என்றார். தேடினோம். கட்டு இடிந்து பாதி தூர்ந்த கிணறு பற்றைக்குள் கிடந்தது. அதிலிருந்து காலடி வைத்து எண்ணி, இது குசினி, இது மாட்டுக்கொட்டில், இது பக்கத்துவீட்டு எல்லை என்று கோடு கீறினார். பக்கத்து வீட்டுக்காரர் நோர்வேயில், அவருடைய காணி உறுதி (நிலப் பத்திரம்) 95ல் தொலைந்துவிட்டது. எல்லை சரிதானா என்று சொல்ல ஆள் இல்லை. உறுதி தெளிவில்லாத காணிக்கு வங்கி கடன் தராது.

தமிழ்நாட்டு இழுவைப்படகுகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடியான தொடர்பு. போர்க்காலத்தில் வடக்கு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை, தூரக் கட்டுப்பாடு, எஞ்சின் வலுக் கட்டுப்பாடு. அந்த இருபது முப்பது வருடத்தில் இந்தக் கடலில் மீன் பிடித்துப் பழகியது மறுகரையின் இழுவைப்படகுகள். போர் முடிந்து எங்கள் ஆட்கள் கடலில் இறங்கினால் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன, அடித்தளத்தையே வாரிக்கொண்டு போகின்றன. இலங்கை 2017ல் இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது. இராமேஸ்வரம் மீனவர்களும் ஏழைகள்தான், இலங்கைக் கடற்படையால் அவர்களும் உயிர் இழந்திருக்கிறார்கள், அது மறக்கக்கூடியதல்ல. ஆனால் நிவாரண வலையோடு புதிதாகத் தொடங்கிய ஒரு குருநகர்க்காரருக்கு அந்த வலை ஒரே இரவில் போனால் அவருக்கு அடுத்தது கடன்தான். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டுமென்று உரிமையோடு கேட்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிற காசு உதவவில்லையா?

அந்தக் காசு இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் பெரும்பகுதி வீடு, கலியாணம், கோயில் திருவிழா, காணி வாங்குவது என்று போகிறது. காணிவிலை ஏறுகிறது, ஊரிலேயே உழைக்கிறவரால் வாங்க முடிவதில்லை. தொழிலில் போட்டவர்கள் உண்டு, குறைவு. மறுபடி ஒரு 83 வந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு உள்ளே இருக்கிறவரை யார் பத்து வருடத் திட்டத்தில் காசு போடுவார்கள்? நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

வறுமையால் போர் வருகிறதா, போரால் வறுமை வருகிறதா?

இரண்டும். ஆனால் இலங்கையில் வெறும் வறுமை என்று சொன்னால் தவறு. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்கள்தான் தெற்கில் 1971லும் 1987–89லும் ஜேவிபி என்ற இடதுசாரி இயக்கமாக ஆயுதம் எடுத்தார்கள். வடக்கில் அதோடு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய மொழிச் சட்டம், தமிழ் மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட 1970களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தல், கலவரங்கள் எல்லாம் சேர்ந்தன. உழைத்தாலும் எனக்குக் கிடைக்காது என்று ஒரு தலைமுறை முடிவுக்கு வருவது பசியைவிட ஆபத்தானது.

மீண்டு வந்த நாடுகள் இல்லையா?

உண்டு. வியட்நாம் 1975ல் சிதைந்து கிடந்தது, 1986 சீர்திருத்தத்துக்குப் பிறகு எங்கேயோ போய்விட்டது. மொசாம்பிக் 1992ல் சமாதானம் செய்து, 2015ல் மிதிவெடியற்ற நாடென்று அறிவித்தது, ஆனால் அடுத்த சில வருடங்களிலேயே வடக்கில் புதிய சண்டை. லாவோஸில் 1964 முதல் 1973 வரை 20 லட்சம் தொன்னுக்கு மேல் குண்டு போட்டார்கள், வெடிக்காமல் கிடப்பவை இன்றும் வயல்களில் உயிர் குடிக்கின்றன. போர் நின்றால் தானாக வளர்ச்சி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

போர் முடிந்த பிறகு பாதுகாப்புச் செலவு குறைந்ததா?

எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. போர் முடிந்து பதின்மூன்று வருடம் கழித்தும் இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட பலம் 2 லட்சம். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த பிறகுதான், 2023 ஜனவரியில், அதை 1 லட்சத்து 35 ஆயிரமாகவும் 2030க்குள் 1 லட்சமாகவும் குறைப்பதாகச் சொன்னார்கள். அந்த வேலையை நம்பி மாதச் சம்பளம் பெறும் குடும்பங்கள் பெரும்பாலும் தெற்கின் ஏழைக் கிராமங்கள், சும்மா அனுப்பிவிட முடியாது, வேறு வேலை உருவாக்க வேண்டும். தெற்குக் கிராமத்தையும் போர் இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறது.

யாழ்ப்பாணம் வந்தால் இதையெல்லாம் எங்கே பார்க்கலாம்?

காங்கேசன்துறை ரயிலில் கடைசி ஸ்டேஷன்வரை போங்கள். சீமெந்துத் தொழிற்சாலையின் கூடு தெரியும். திரும்பும்போது ரயிலில் வராமல் சைக்கிளில் தெல்லிப்பழைப் பக்கம் உள் ஒழுங்கைகளால் வாருங்கள், கூரையில்லாத வீடுகளுக்குள்ளே ஆலும் அரசும் வளர்ந்து நிற்கும், அடுத்த வளவில் புது வீட்டுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருக்கும். பங்கருக்காகத் தறித்த பனைகளுக்குப் பதிலாக வேலியோரம் வடலிகள், அதாவது இளம் பனைகள், நிற்கும். பனை காய்க்கப் பதினைந்து வருடத்துக்கு மேலாகும். யாரையாவது கண்டால் நின்று பேசுங்கள், தேத்தண்ணி தராமல் விடமாட்டார்கள்.